ரயிலுக்கு மூத்த ஹோட்டல்

காலை எட்டே முக்காலுக்கு நாகர்கோவிலில் ஏறினேன். பாசஞ்சர் வண்டி என்னைப் பாறசாலையில் இறக்கிவிட்டபோது மணி பத்து. நடைமேடையிலிருந்து இருநூறு அடியில் அந்த மாடி ஹோட்டல். கீழே சாப்பாடு, மேலே தங்குவதற்கு நான்கு அறைகள். மரச்சீனிக்கிழங்கும் பொழியூர்ச் சாளை மீன் கறியும் ஒன்றேகால் ரூபாய். அம்மாடி, காரம் என்றால் அப்படியொரு காரம்!

"ஸ்டேஷன் வந்ததும் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துவிட்டீர்கள்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பரிமாறிக்கொண்டிருந்த முதலாளியம்மா தங்கம்மைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நாங்க எங்க பிடிச்சோம்? ரயிலாக்கும் எனக்க பக்கத்துல வந்து நிக்குது. நான் சாயா போடத் தொடங்கும்போ இது வெறும் தென்னந்தோப்பு."

கல்லாவில் இருந்த அவர் கணவர் ஜான்றோஸ் சிரித்தார். "நான் அப்ப துபாயில. கேசு நடத்துனது எல்லாம் இவளாக்கும்."

கேரளத்தில் நிலச் சீர்திருத்தம் வந்த காலம். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவருக்குப் பத்து சென்ட் சொந்தம் என்றது சட்டம். தங்கம்மையின் ஓலைக்குடிசையில் முன்பக்கம் சாயாக்கடை, பின்பக்கம் வீடு. 'இது வெறும் கடை. கட்டிலும் பானையும் நேற்று கொண்டுவந்து போட்டவை' என்று நிலத்துக்காரரின் காரியஸ்தர் ஒரேயடியாகச் சாதித்தார். கடை என்று முடிவானால் ஒரு சாண் மண்கூடக் கிடையாது. இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

விசாரிக்க வந்த அதிகாரி குழம்பிப்போய்க் கிளம்பப் பார்த்தார். "சாரே, ஆறு மணி வரைக்கும் இருங்க" என்று தங்கம்மை அவரை நிறுத்தினாராம். வெளிச்சம் மங்கியது. தோப்பில் மேய்ந்த பதினோரு கோழிகளும், யாரும் கூப்பிடாமலே, ஒவ்வொன்றாக வந்தன. அதிகாரியின் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பின்பக்கக் கூட்டில் அடைந்தன.

"கட்டிலு நேத்து வந்திருக்கலாம். கோழி? புதுசா கொண்டுவந்தத நாலு நாளு கெட்டிப் போடாம கூட்டுக்கு வருமா, சாரே?"

அதிகாரியும் கோழி வளர்த்த வீட்டுக்காரர் போலும். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அங்கேயே 'வீடு' என்று எழுதினாராம். பத்து சென்ட் கைக்கு வந்தது. பின்னால் ரயில் வந்தது, துபாய்ச் சம்பாத்தியத்தில் மாடி எழும்பியது. வழக்கில் நானே ஜெயித்ததுபோல் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மூன்றரை வண்டிக்குப் புறப்பட்டேன். இருபது வருடமாக வாடகை வீட்டில் இருப்பவன் நான், பொறாமையாகத்தான் இருந்தது. "எழுதின பிறகு அதிகாரி என்ன செய்தார்?" என்று வாசலில் நின்று கேட்டேன்.

"சாயா குடிச்சாரு. பைசா நீட்டினாரு. நான் வாங்கேல்ல." தங்கம்மை தலையை நிமிர்த்தினார். "அந்தக் காரியஸ்தனுக்கும் ஒரு கிளாசு ஊத்திக் குடுத்தேன். 'குடியும் ஓய், பைசா வேண்டாம். நீரு நிக்கது எனக்க வீட்டுலயாக்கும்' எண்ணு சொன்னேன்."