பத்தாவது கையெழுத்து

வியாசர்பாடி குப்பம்மா கொடுங்கையூர் அடுக்குமாடிகளில் படிக்கட்டு பெருக்குகிறவள். அவள் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கத் துணிந்துவிட்டாள். வேட்புமனுவில் பத்து வாக்காளர்கள் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். ஒன்பது பேர் கையெழுத்திட்டார்கள். நாளை கடைசி நாள். புருஷன் பீம்ராவ் மட்டும் பேனாவைத் தொடவில்லை. அவன் வேலை செய்யும் குப்பைக் கிடங்கின் மேஸ்திரி கட்சிக்காரர், வேலை போய்விடும் என்று பயம். வேறு ஆளைக் கேட்கலாம்தான். ஆனால் அவன் இல்லாமல் நிற்க அவள் மனசு ஒப்பவில்லை.

மாலையில் மகள் மதி கல்லூரிப் பாடத்தை உரக்கப் படித்தாள். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் அடிமைத்தனம் ஒழிந்த சில வருஷத்திலேயே கறுப்பு மக்கள் வோட்டுப் போட்டு, தங்கள் ஆட்களையே சட்டசபைக்கு அனுப்பினார்களாம்.

குப்பம்மா கண்களை மூடிக்கொண்டாள். அந்தச் சட்டசபை மண்டபம் மனசில் விரிந்தது. பருத்தி பறித்து வெடித்த உள்ளங்கைகள் பளபளக்கும் மேஜைமேல் ஓய்ந்திருந்தன. குப்பைமேட்டுப் புகைகூட அந்த மண்டபத்தில் வெண்மேகமாக மிதந்தது.

"அப்பால இன்னா ஆனாங்க?" என்றான் பீம்ராவ்.

"கொஞ்ச வருஷத்துல வெளிய தொரத்திட்டாங்க நைனா."

"பாத்தியா குப்பு! இதுக்குத்தான் வாணாம்னேன்."

கண் திறக்காமலே அவள் சொன்னாள்: "தொரத்தணும்னா மொதல்ல உள்ள போயிருக்கணும்யா. நம்மள எவன் உள்ள வுட்டான், தொரத்துறதுக்கு?"

பீம்ராவ் மனுவைத் தன் பக்கம் இழுத்தான். பிறகு லுங்கியில் கையைத் துடைத்துப் பேனாவை எடுத்தான்.

"மேஸ்திரி கேட்டா இன்னா நைனா சொல்வ?"

"எம் பொஞ்சாதிக்கு நான் போடாம எவன் போடுவான்னு கேப்பேன்."

அவன் எழுத்து எழுத்தாகப் பெயரை முடிக்கும்வரை குப்பம்மா மூச்சே விடவில்லை.