எட்டாக்கனியும் இரண்டாவது இலையும்

பள்ளியில் ‘எட்டாக்கனி’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால், நிலவைப் பற்றியோ மாளிகையைப் பற்றியோ எழுதிவிடுவோம். கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது; பொருள் அவ்வளவுதான். மட்டக்களப்புப் பேச்சில் அந்தச் சொல் அதிகம் புழங்குவதில்லை. ஆசை காட்டி ஏய்ப்பவனை ‘பேய்க்காட்டுறான்’ என்போம். முன்னதில் கனி மட்டுமே உண்டு. பின்னதில் அதைக் காட்டுகிற ஒரு கையும் உண்டு. யுத்தம் முடிந்தபின் நான் அந்தக் கையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அத்தானை வாகரையில் சுனாமி கொண்டுபோனது. உடல் கிடைத்தது, ஆகவே ஒவ்வொரு மார்கழியிலும் அக்கா அவருக்கு வாழையிலை விரித்துப் படைப்பாள். வன்னிக்குப் போன அவள் மகனோ யுத்தம் முடிந்தும் திரும்பவில்லை. அவனுக்கும் இலை விரித்தால் அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகும். நெடுநாள் பேசிப்பேசி, ஒரு மார்கழியில் அதற்கு அவளை இணங்கவைத்திருந்தேன்.

படையலுக்கு முந்திய வாரம் முன்பின் தெரியாத ஒருவன் சைக்கிளில் வந்தான். தெற்கே ஒரு முகாமில் மகனைக் கண்டதாகச் சொன்னான். தேநீரைத் தவிர எதையும் கேட்கவில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

“அவன்ட எந்தக் கையில தழும்பு இரிக்கு?” என்று கேட்டேன்.

அவன் கோப்பைக்குள் பார்த்தான். அக்கா முந்திக்கொண்டாள். “இடக்கைதானே மனே? தோணியில வெட்டுப்பட்டது?”

“ஓம் அம்மா, இடக்கைதான்.”

“நெத்தியில?”

“நெத்தியில ஒண்டுமில்லையே!” இதற்கும் அக்காதான். “வந்த புள்ளையப் போட்டுக் குடையாதகா.”

“நீயே சொல்லிக்குடுக்கிறாய் அக்கா. இவன் பேய்க்காட்டுறான்.”

“காட்டட்டும். உனக்கென்ன? என்ட மகன்தானே.”

அடுத்தமுறை படம் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனான்.

படையலன்று நான் இரண்டு இலைகளை வெட்டி வைத்தேன். ஒன்றை அத்தானுக்கு விரித்த அக்கா, மற்றதை என் முன்னே போட்டாள். “இதில நீ இருந்து தின்னு.”

சைக்கிளில் வந்தவன் பிறகு வரவேயில்லை. பொய்யன் என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் ஒரு கோப்பைத் தேநீருக்காகவா அவ்வளவு தூரம் வந்தான்? யாரேனும் அனுப்பினார்களா? அந்தக் கை இன்னும் எனக்குத் தென்படவில்லை.

இப்போதும் மார்கழிதோறும் இரண்டு இலை வெட்டுகிறேன். இரண்டாவதில் நானே உண்கிறேன். சென்ற முறை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. அக்கா அசையவில்லை. எச்சில் கையோடு எழுந்து வாசல் படலைக்கு ஓடியது நான்.