பூசைக்கும் தீக்கும் ஒரே மணி

பள்ளிக்கூடமே போகாமல் சுயாக் என்ற எங்கள் ஊரில் சொந்தக் கரும்புத் தோட்டம் உண்டாக்கியவன் நான். அது தீப்பிடித்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தேன். எங்கள் ஊரில் பூசைக்கும் தீக்கும் அந்த ஒரே மணிதான். சனங்கள் குளித்து, நாமம் போட்டு, தேங்காயோடு நிதானமாக வந்தார்கள்.

“தண்ணி எங்கடா? என் கரும்பு எரியுது!” என்று கத்தினேன்.

“பூசைன்னு நெனைச்சுட்டோம் மச்சான்,” என்றான் என் மைத்துனன்.

வாளிகள் வருவதற்குள் தோட்டம் கரியாகிவிட்டது.

கோயில் தலைவரோ, “புத்தி கெட்ட சனங்க!” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீக்கு வேறு மணி வையுங்கள் என்று முன்பே நான் கேட்டபோது, “ஒரு ஊருக்கு எதுக்கய்யா ரெண்டு மணி?” என்று சிரித்தவரே அவர்தான்.

மறுநாளே கரும்பாலையில் ஒரு தண்டவாளத் துண்டை வாங்கி, தீக்கென்றே தனி மணியாக அவர் வாசல் மரத்தில் தொங்கவிட்டு, அவர் காது அடைக்கும்வரை என் கையாலேயே அடித்தேன்.