பத்து மணிக்கு நெஞ்சை நிமிர்த்துதல்

இங்கே ஸ்வீடனில், காலை பத்து மணியானால் எங்கள் அலுவலக ரேடியோவில் பாட்டுப் போடுகிறார்கள். கப்பலுக்குப் படம் வரைகிற அத்தனை பேரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கைகளைப் பின்னால் கோத்து, தோளை விரித்து, நெஞ்சை முன்னால் தள்ளுகிறார்கள். மேலதிகாரியும்தான். நாளெல்லாம் பலகைமேல் குனிந்து கிடப்பவர்களுக்கு நெஞ்சும் தோளும் இறுகாமலிருக்க இந்த ஏற்பாடாம். சம்பளம் கொடுத்துச் சோம்பல் முறிக்கச் சொல்கிற தேசத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

வந்த புதிதில் என்னால் முடியவில்லை. நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் வலி. மாரடைப்போ என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். இதயம் நன்றாக இருக்கிறது, தோளை விரி, அதுதான் மருந்து என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் பாட்டுத் தொடங்கியதும் என் கைகள் தாமாகவே மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளும். பயிற்சி நடத்தும் இங்க்ரிட் அம்மாள், "வெட்கப்படாதே, பெண்கள் யாரும் உன்னைப் பார்க்கவில்லை" என்றார். "அதிகாரி இருக்கிறாரே" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்வீடிஷில். அவர் திரும்பிப் பார்த்தார். அதிகாரி இரண்டு கைகளையும் கூரைக்குத் தூக்கியபடி நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பும் வயலும் வைத்திருக்கும் நிலத்துக்காரர் முன்னால், என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகட்டி நிற்பதை இவர்களுக்கு எந்த மொழியில் சொல்வது? எங்கள் வீடு நிற்பதே அவருடைய மனையில். செங்கல்பட்டில் படம் வரையப் படித்து நான் ஒருவன்தான் வெளியே வந்தேன்.

மெல்ல மெல்லப் பழகினேன். வலி விட்டது. எமர்ஜென்சி முடிந்த கையோடு ஊருக்குப் போனேன். பயண அலுப்பில் தோள் மறுபடி பிடித்துக்கொண்டது. காலையில் வீட்டெதிரே ரோட்டில் நின்று, கைகளைப் பின்னால் கோத்து நெஞ்சை விரித்தேன். உப்புக்காற்று உள்ளே போக, சுகமாக இருந்தது. சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. நிலத்துக்காரர். அவர் என்னிடம் பேசவில்லை, வாசலில் இருந்த அப்பாவிடம் கேட்டார்.

"இன்னாடா, ஒம் புள்ள மார நிமித்திக்கினு நிக்கிறான்? சீமைக்குப் போய்ட்டா ரோடு அவனுதா?"

அப்பா ஓடிவந்தார். துண்டு அதற்குள் இடுப்புக்கு இறங்கியிருந்தது. "ஐயோ, இல்லீங்க ஆண்ட. அவனுக்கு மாரு நோவு. டாக்டரு இப்டி நிக்க சொல்லிகீறாரு. சீக்காளிப் புள்ளைங்க."

"அப்டியா? ஒடம்பப் பாத்துக்க சொல்லு." சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எனுக்கு இன்னா சீக்கு நைனா?" என்றேன்.

அப்பா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நீ ஏரோப்ளான் ஏறிப் பூடுவ. நாங்க இங்கதானடா கீறோம்."

என்ன கொடுமையென்றால், அப்பா சொன்னதில் பொய்யே இல்லை. வலியும் நிஜம், டாக்டர் சொன்னதும் நிஜம். லீவு முடியும்வரை கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தோளை விரித்தேன்.

இன்றும் பத்து மணிக்குப் பாட்டு வந்தது. எழுந்து கைகளைக் கோத்தேன். "இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறாய்!" என்று இங்க்ரிட் அம்மாள் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் நெஞ்சை நிமிர்த்த நிமிர்த்த, அந்த ரோட்டில் அப்பா இன்னும் கொஞ்சம் குனிகிறார்.