முதல் ரிமோட்டுக்கு வயர் இருந்தது

தொலைக்காட்சியைப் பற்றி உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய அனைத்தும் எனக்குத் தெரியும் என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் பள்ளியிலும் தெருவிலும் அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. மழை வந்தால் அதில் மனிதர்கள் இரண்டிரண்டாகத் தெரிவார்கள். என் அறிவெல்லாம் பெட்டியிலிருந்து வந்ததல்ல, ஒரே ஒரு புத்தகத்திலிருந்து வந்தது.

அப்பா தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். அங்கே தங்கிப் போகிறவர்கள் சீப்பையும் செருப்பையும் மறப்பார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரு புத்தகத்தை மறந்துவிட்டார். அப்பா அதை ஒரு வருடம் ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து, இனி அவர் வரமாட்டார் என்று தீர்மானமான பிறகு செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். செங்கல் கனம். முழுக்க ஆங்கிலம். முன்பாதியில் தொலைக்காட்சி பிறந்து வளர்ந்த கதை, பின்பாதியில் கேள்விகளும் பதில்களும், கடைசியில் எது எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் பொடி எழுத்தில் ஒரு பெரிய பட்டியல்.

அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை யாரும் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டியதில்லை. அதுதான் அதில் சுகம். கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு விஷயம் உட்கார்ந்திருக்கும். தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தெரிந்தது மனித முகம் அல்ல, ஒரு பொம்மையின் தலை. விளக்குகளின் சூட்டை மனிதர்களால் தாங்க முடியவில்லை. அமெரிக்காவில் நெடுந்தொடர்களுக்கு சோப்பு என்று பெயர் வந்தது, சோப்பு விற்கிறவர்கள் அவற்றை நடத்தியதால். ஆட்கள் சிரிப்பதைப் பதிவு செய்து ஒரு பெட்டியில் அடைத்து வைத்திருந்தார்கள்; நகைச்சுவை எடுபடாத இடத்தில் பொத்தானை அழுத்தினால் போதும், கூட்டம் சிரிக்கும். இதைப் படித்த அன்று எங்கள் வகுப்பு ஆசிரியைக்கும் அப்படி ஒரு பெட்டி கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

நான் ஒருநாளும் பார்த்திராத, இனிப் பார்க்கவும் வாய்ப்பில்லாத நிகழ்ச்சிகள் எத்தனை ஆண்டு ஓடின, எதற்காக நிறுத்தப்பட்டன என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேபிள் இணைப்பு வைத்திருந்த பிள்ளைகள் நேற்றுப் பார்த்ததைச் சொல்வார்கள். நான் அவர்கள் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பு யாரோ பார்த்ததைச் சொல்வேன். வாயைப் பிளந்தபடி கேட்பார்கள். வீட்டில் வண்ணப் பெட்டி இல்லாத குறை எனக்கு அத்தோடு தீர்ந்தது.

அம்மாவுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் உள்ள உறவு அதைத் துடைத்து வைப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அம்மா தென்காசிப் பக்கத்துக்காரி. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்து பல வருடமாகியும் அவளுடைய மலையாளம் காய்கறிக்கடையைத் தாண்டவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. வந்த புதிதில் வீட்டுக்காரச் சேச்சியிடம் தன் ஊரைப் பற்றிப் பெருமையாக, எங்கள் பட்டியில் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லியிருக்கிறாள். இங்கே பட்டி என்றால் நாய். கிணற்றடியில் இருந்த பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சேச்சி நல்லவள்; கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அம்மா தெருவில் தலையை அசைப்பாள், புன்னகைப்பாள், விரலால் காட்டுவாள். பேச வேண்டிய இடத்தில் என்னை முன்னால் தள்ளுவாள். நான் தடதடவென்று மலையாளத்தில் பேசுவேன். அம்மாவுக்காகப் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அம்மா பேசாமல் இருப்பதில் அதைவிடக் கொஞ்சம் நிம்மதி.

பழவங்காடி கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் பத்துப் பதினைந்து வீடுகள். ஓணத்துக்கு வீட்டுக்காரச் சேச்சியின் முற்றத்தில் பந்தல் போட்டுப் பூக்களமும் கயிறிழுப்பும் நடத்துவார்கள். அந்த வருடம் வினாடி வினாவும் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கேட்பவர் எங்கள் சந்திலேயே குடியிருந்த ஒரு கல்லூரி விரிவுரையாளர். முந்தின வருடம் அவர் புராணத்தில் கேள்வி கேட்டு, பிள்ளைகள் எல்லாம் பாயசம் இருந்த பக்கம் ஓடிவிட்டார்களாம். அதனால் இந்த வருடப் பொருள்: டெலிவிஷன்.

நோட்டீஸை நான் மூன்று முறை படித்தேன். கடவுள் அந்த விரிவுரையாளரின் உருவத்தில் வந்து எனக்காகவே எழுதி ஒட்டியது போல இருந்தது. அடியில் ஒரு வரி: ஒரு குழந்தை, அதனுடன் தாயோ தந்தையோ, இருவர் சேர்ந்து ஒரு அணி.

அப்பா வருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஓணத்துக்கு ஊர் திரும்புகிறவர்களும் ஊர் பார்க்க வருகிறவர்களுமாக லாட்ஜில் ஒரு அறை காலி இல்லை. திருவோணத்தன்று காலையில் அப்பாவை அழைத்துப்போக லாட்ஜிலிருந்து ஆளே வந்துவிட்டான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, அம்மாவைக் கூட்டிட்டுப் போ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் அழுதேன். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு விதிகளை விளக்கினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதும், எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்வேன், உன்னிடம் ஏதாவது கேட்டால் என்னைப் பார், அவ்வளவுதான். அம்மா சேலையில் ஊசி குத்திக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

எட்டு அணிகள். முதல் சுற்று பிள்ளைகளுக்கு. நான் கேள்வி முடிவதற்கு முன்பே பதில் சொன்னேன். பொம்மைத் தலையைக் கேட்டார், சோப்பைக் கேட்டார், நிலாவில் மனிதன் இறங்கியதை வீட்டிலிருந்து பார்த்ததைப் பற்றிக் கேட்டார். பந்தலில் இருந்தவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். விரிவுரையாளரும் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சுற்று முடிந்தபோது எங்களுக்கும் முனைவீட்டு அணிக்கும் சமமான மதிப்பெண்; மற்றவர்கள் வெகு பின்னால். அந்த வீட்டுப் பையனின் அப்பா தொலைபேசி இலாகாவில் வேலை பார்ப்பவர், நல்ல கெட்டிக்காரர். அவர்கள் வீட்டில் கேபிள் உண்டு.

அப்போதுதான் விரிவுரையாளர், இரண்டாம் சுற்று பெரியவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒரு கேள்வி என்றார். பிள்ளைகள் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் மதிப்பெண் போகும்.

முனைவீட்டு அப்பா தன் கேள்விக்குத் தப்பாகச் சொன்னார். அடுத்தது அம்மா. ஒன்று சரியாகச் சொன்னால் பரிசு எங்களுக்கு. விரிவுரையாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: டெலிவிஷனுக்கு வந்த முதல் ரிமோட் கண்ட்ரோல் எப்படி வேலை செய்தது?

எனக்கு அழுகையே வந்தது. அவ்வளவு சுலபம். வெளிச்சத்தால். டார்ச் லைட் போல ஒன்றைப் பெட்டியின் மூலைக்கு நேரே காட்டினால் சேனல் மாறும். வெயில் அடித்தால் தானாகவே மாறிவிடும் என்று கூட எனக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"வயராலே" என்றாள்.

விரிவுரையாளர் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, அன்பாகவே, விடை வெளிச்சம் என்றார். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அவ்வளவில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா உட்காரவில்லை. தனக்குத் தெரிந்த மலையாளத்தில் ஆரம்பித்து, அது தீர்ந்துபோன இடத்தில் கூசாமல் தமிழுக்கு மாறினாள்.

"அங்ஙனெ அல்ல சாரே. டார்ச்சு மாதிரி உள்ளது ரெண்டாவது வந்தது. மொதல்ல வந்ததுக்கு வயர் உண்டு. பெட்டியில இருந்து நாற்காலி வரைக்கும் தரையோட வயர் கெடக்கும். வீட்டுல நடக்கவங்க எல்லாம் அதுல தடுக்கி விழுந்தாங்க. அதுக்குப் பொறவுதான் வயர் இல்லாதது செஞ்சாங்க."

இப்போது சிரிப்பு பலமாகவே எழுந்தது. நான் தரையைப் பார்த்தேன். கிணற்றடிச் சிரிப்பு, இந்த முறை தெரு முழுக்க. அதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது. நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, தெருவின் மலையாளத்தில் சொன்னேன்:

"அம்மைக்கு அறிஞ்ஞூடா சாரே. சார் பறஞ்ஞதுதன்னெ ஷெரி."

அம்மாவுக்குத் தெரியாது, நீங்கள் சொன்னதுதான் சரி. அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில் மலையாளத்தில் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டதுண்டு. ஆனால் அந்த ஊரில் இருக்கிற யாருக்கும் அந்த வாக்கியம் புரியாமல் போகாது.

சிரிப்பு அடங்கும் வரை அம்மா பொறுத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. பால் வாங்கி வரச் சொல்லும்போது இருக்கும் முகம்தான்.

"ஏட்டி, போய் அந்தப் புஸ்தகத்த எடுத்துட்டு வா."

வீடு இருபது தப்படி தூரம். ஓடினேன். அம்மா சொன்னது தவறு என்று காட்டப்போகிற புத்தகத்தை நானே எடுத்துவரப் போகிறேனே என்று ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்து, பின்னாலிருந்த பட்டியலில் எழுத்தைத் தேடி, பக்கத்தைத் திருப்பினேன். டார்ச் லைட் இருந்தது. வெயிலும் இருந்தது. அதற்கு மேலே, நான் ஒருமுறையும் நின்று பார்த்திராத ஐந்து வரிகள் இருந்தன. வயர். நாற்காலி. தடுக்கி விழுந்தவர்கள்.

டார்ச்சு அத்தனை அழகாக இருந்ததால் நான் எப்போதும் நேராக அதற்கே போயிருக்கிறேன்.

பக்கத்தில் விரலை வைத்தபடியே புத்தகத்தை மூடினேன். பக்கம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலைப் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அப்படிச் சொல்லாமல் நான் திரும்பிப் போனதற்கு அம்மாவின் மேல் இருந்த பாசம் காரணம் என்றால் அது பொய். அந்தப் புத்தகத்தில் ஒரு விஷயம் இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் புத்தகம்.

விரிவுரையாளர் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மறுபக்கத்தையும் திருப்பிப் படித்தார். நல்ல மனிதர், எழுந்து, அட்டையில் தான் எழுதியது தவறு, இந்த அம்மையார் சொன்னதே சரி என்று தெளிவாக அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரச் சேச்சி முதலில் கை தட்டினாள். பரிசு ஒரு பச்சை பிளாஸ்டிக் பக்கெட். அதை என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கத் தயங்கவே அம்மா வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, நீ எப்போது என் புத்தகத்தைப் படித்தாய் என்பதுதான். அம்மா பக்கெட்டைக் குழாயடியில் வைத்துவிட்டு, மத்தியானத்தில் என்றாள். என் பள்ளிக்கூடத்து டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் ஒரு பக்கமாம். சில நாள் அரைப் பக்கமாம். முதலிலிருந்து, ஒரு வரி விடாமல்.

"நீதான் டிவியே பாக்க மாட்டியே. இதப் படிச்சு என்ன செய்யப்போற?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எங்கிட்ட கேள்வி கேக்கு. நான் பதில் சொல்லுதேன். ரைட்டா தப்பான்னு கீழயே போட்டிருக்கு."

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வேண்டுமானால் தினமும் நானே உன்னிடம் கேள்வி கேட்கிறேன் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். இரண்டு நாள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். எனக்கு அலுத்துவிட்டது.

அதன்பின் மத்தியானங்களில் சேச்சி வர ஆரம்பித்தாள். ரிமோட் வயரில் யார் யார் விழுந்தார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் முதலில் வந்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பள்ளி விட்டு நான் வரும்போது அம்மா புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பெட்டியில் அடைத்த சிரிப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பாள். அவர்கள் இடையிடையே அவளைத் திருத்துவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்வாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை கைகள் பட்டால் புத்தகம் என்ன ஆகும், நாளைக்கு யாராவது கேட்டு வாங்கிப் போய்விட்டால் என்ன செய்வது என்றெல்லாம் அம்மாவிடம் வாதாடினேன். ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவின் மைப்பேனாவை எடுத்து, முதல் பக்கத்தின் நடுவில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் என் பெயரை எழுதினேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் புத்தகம் நகர்ந்தபோது ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கோணாம எழுது" என்றாள்.

அழகாக வந்திருந்தது. மை காய்வதற்காக வாயால் ஊதினேன், அம்மாவும் சேர்ந்து ஊதினாள். என் பெயருக்குக் கீழே அந்தப் பக்கம் முழுவதும் காலியாகக் கிடந்தது. பேனாவை அவளிடம் நீட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூடியைத் திருகி அப்பாவின் சட்டைப் பையில் திரும்பவும் குத்தி வைத்தேன்.