நாலு முடிச்சு

எங்களிடம் அப்போது கருப்பன், செவலை என்று இரண்டு நாய்கள் இருந்தன. திருநெல்வேலியில் நாங்கள் பார்த்த வாடகை வீட்டுக்காரர் ஒரு நாய்க்குத்தான் சம்மதித்தார். வயதாகிவிட்ட கருப்பனைத் தொலைத்துவிடுவதென்று நானே முடிவு செய்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே இரண்டையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். கருப்பன் முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காகக் காத்து நின்றது. மேலே மூவரும் புளிச்சோறு தின்றோம். பிறகு கருப்பனை ஒரு மரத்தடியில் கட்டினேன். சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். அதை இரக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். ஆடு மேய்ப்பவர்கள் யாராவது அவிழ்த்து வளர்ப்பார்கள் என்று சமாதானம். செவலை வர மறுத்தது, இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

பாதி வழியில் பின்னால் ஒரு குரல். ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருவர், கருப்பனைக் கயிற்றோடு பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, நாய மறந்துட்டுப் போறியளே!"

"ஆமா, மறந்துட்டேன்" என்றேன்.

"நாலு முடிச்சுல்லா போட்டிருக்கிய. அவுக்கதுக்குள்ள நீங்க தூரமாப் போயிட்டிய."

அவர் முகத்தில் கேலியோ கோபமோ இல்லை. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கத் திரும்பி ஏறினார்.

அந்த வீட்டை வேண்டாமென்று விட்டுவிட்டோம். அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கருப்பனுக்குப் புரியவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் இறங்கியது. அடுத்த திருப்பத்தில் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தது.