ரெஜினாவின் சிப்பிப் பொம்மைகள்

என்னோடு படித்த ரெஜினா தன் கையால் செய்த சிப்பிப் பொம்மைகளை, கடையில் வாங்கியவை என்று ஓவிய ஆசிரியரிடம் பொய் சொன்னவன் நான்.

சிப்பிக் கவிச்சி எங்கே மூக்கில் ஏறினாலும், அவள் அப்பா காவல் இருந்த பழைய துறைமுகத்தில் சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கியும், மூட்டை அவிழும்போது சங்குகள் உருளும் ஓசையும், எங்கும் படிந்த வெள்ளைத் தூசிக்கு நடுவே உடைந்த சிப்பிகளை ஒட்டிக் கட்டைவிரல் உயரத்துக்கு அவள் மனிதர்களைச் செய்வதும் நினைவில் வந்துவிடும். இப்போது அந்த இடத்தில் கன்டெய்னர்கள் நிற்கின்றன.

வகுப்பில் படம் என்றால் நான்தான். ஆனால் அவளுடைய முத்துக்குளிப்பவன் கன்னம் உப்பி மூச்சை அடக்கியிருந்தான். நான் வரைந்த கப்பல்களில் ஒருவரும் மூச்சே விடவில்லை. வயிறு எரிந்தது. பள்ளிக் கண்காட்சியில் அவனை என் படத்துக்கு முன்னால் வைத்து, "இதுதாம்லே கலை," என்றார் ஆசிரியர்.

"சார், அது திருச்செந்தூர்க் கடையில வாங்குனது," என்றேன்.

அவர் நம்பிவிட்டார். ரெஜினா பொம்மைகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு போனாள்.

போன மாதம் ஒரு பை சிப்பியுடன் புன்னைக்காயலில் அவள் வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லி, மறுபடி செய்யும்படி கேட்டேன்.

"அன்னைக்கு விட்டதுதாம்லே, பெறவு தொடல," என்றாள். "நீ இன்னும் படம் வரையுதியா?"

"இல்ல. பள்ளிக்கூடத்தோட விட்டாச்சு."

பையை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"பெறவு எதுக்குலே அந்தப் பொய்யச் சொன்ன?"